'சீட்டிங் சாங்': கள்ள உறவு பாட்டான கதை

1949-ல் அமெரிக்காவின் ஜூக்பாக்ஸ்களில், அதாவது காசு போட்டால் கேட்ட பாட்டைப் பாடும் பெட்டிகளில், ஒரு பாட்டு ஓயாமல் ஓடியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது. மெட்டை மட்டும் கேட்டால் யாரோ இளங்காதலர்கள் சாயங்கால நேரத்தில் உலாவப் போகிற மாதிரி அவ்வளவு இதமாக இருக்கும். வரிகளைக் கவனித்தால்தான் சங்கதி புரியும். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, வேறு வேறு ஆட்களோடு. ஊர் கண்ணில் படாமல் சந்திக்கிறார்கள். பிடிபட்டுவிடுவோமோ என்று பயம். ஆனாலும் விட முடியவில்லை.

பாட்டின் பெயர் 'ஸ்லிப்பின் அரவுண்ட்'. யாருக்கும் தெரியாமல் நழுவிப் போய்ச் சந்திப்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள். எழுதியவர் ஃபிளாய்ட் டில்மன் என்ற டெக்சஸ் பாடகர். சாலையோர உணவுக்கடை ஒன்றில் ஒரு பெண் தன் ரகசியக் காதலனோடு போனில் பேசியது இவர் காதில் விழுந்தது, அதுதான் பாட்டாயிற்று என்று சொல்வார்கள். டில்மன் பாடியதும் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மார்கரெட் ஒயிட்டிங்கும் ஜிம்மி வேக்லியும் சேர்ந்து பாடியது, எந்தப் பாட்டு எவ்வளவு ஓடுகிறது என்று வாராவாரம் வரிசைப்படுத்தும் கன்ட்ரி பட்டியல், பாப் பட்டியல் இரண்டிலும் முதலிடத்துக்குப் போய்விட்டது. இந்தப் பாட்டுக்கு ஒரு தொடர்ச்சியும் அதே ஆண்டில் டில்மன் எழுதினார். அதில் அந்த ஆள் கள்ளக்காதலியையே கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். இப்போது அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. நம்மோடு நழுவி வந்தவள் இன்னொருவனோடு நழுவிப் போகமாட்டாள் என்று என்ன நிச்சயம்?

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு அமெரிக்கக் கன்ட்ரி இசையில் 'சீட்டிங் சாங்' என்று பெயர். சீட்டிங் என்றதும் நமக்குச் சீட்டுக் கம்பெனியும் பணமோசடியும்தான் நினைவுக்கு வரும். அங்கே அந்தச் சொல் கணவனோ மனைவியோ காதலனோ காதலியோ செய்கிற துரோகத்தைக் குறிக்கும். கன்ட்ரி இசையில் அம்மா பாட்டு, ரயில் பாட்டு, ஜெயில் பாட்டு, குடிப் பாட்டு என்று வகைகள் இருப்பதுபோல இதுவும் ஒரு தனி வகை. எழுபது எண்பது ஆண்டுகளாக அந்த இசையின் பெரிய வெற்றிகளில் பல இந்த வகையில்தான் வந்திருக்கின்றன. ஏன் என்பதுதான் கேள்வி.

கேள்வியில் ஒரு முடிச்சும் இருக்கிறது. கன்ட்ரி இசை அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், விவசாயிகளும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் மில் தொழிலாளிகளும் வாழ்ந்த ஊர்களில் வளர்ந்தது. கித்தார், பிடில், பாஞ்சோ, எளிய மெட்டு, கதை சொல்கிற வரிகள். 1927-ல் டென்னஸிக்கும் வர்ஜீனியாவுக்கும் எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற ஊருக்கு ரால்ஃப் பியர் என்ற ஒலிப்பதிவாளர் வந்து கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தார். அதைத்தான் கன்ட்ரி இசையின் பெரிய தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். அந்த மக்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். பிறன்மனை நாடாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அப்படிப்பட்ட வீட்டு ரேடியோவில் கள்ள உறவைப் பற்றிய பாட்டு எப்படி நுழைந்தது?

உண்மையில் விஷயம் புதிதே அல்ல. இங்கிலாந்து, ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் அப்பலாச்சியன் மலைப்பகுதிக்குப் பழைய கதைப்பாடல்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒன்று 'மேட்டி க்ரோவ்ஸ்'. பிரபு ஊரில் இல்லாதபோது அவர் மனைவி சர்ச்சில் ஓர் இளைஞனைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். செய்தி பிரபுவுக்குப் போகிறது. அவர் வந்து இரண்டு பேரையும் கொன்றுவிடுகிறார். பல நூறு ஆண்டு பழைய பாட்டு. ஆனால் அதைப் பாடுகிறவர் யார்? கதை தெரிந்த ஒருவர், அவ்வளவுதான். அவருக்கும் அந்தப் படுக்கையறைக்கும் சம்பந்தம் இல்லை. 'அவள் போனாள், அவன் வந்தான், வெட்டினார்' என்று தூரத்திலிருந்து சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

நம் இலக்கணத்தில் 'கூற்று' என்று ஒரு சொல் உண்டு. பாட்டு யார் வாயால் சொல்லப்படுகிறது என்பதைக் குறிக்கும். சீட்டிங் சாங்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாவி எனக்குத் தெரியாது. பழைய கதைப்பாடலில் பேசுவது கதைசொல்லி. டில்மன் பாட்டில் பேசுவது 'நான்'. நான்தான் நழுவிப் போகிறேன், நான்தான் பயப்படுகிறேன். இந்த ஒரு மாற்றத்தில்தான் அந்த வகையே பிறந்தது.

மாற்றம் நடந்த இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு: ஹாங்கி டாங்க். 1933-ல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்த பிறகு டெக்சஸ் போன்ற இடங்களில், முக்கியமாக எண்ணெய்க் கிணறுகள் இருந்த ஊர்களின் சாலையோரத்தில், முளைத்த மலிவான குடி, ஆட்டக் கூடங்கள் அவை. பீர், சிகரெட் புகை, கூச்சல், நடுவில் ஒரு ஜூக்பாக்ஸ். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கித்தாருக்கு மின்சாரம் வந்தது. ஸ்டீல் கித்தார் முன்னுக்கு வந்தது. அதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கித்தாரைப் படுக்க வைத்து, தந்திகளின் மேல் ஓர் இரும்புக் கட்டையை வழுக்கவிட்டு வாசிப்பார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது, வழுக்கிக்கொண்டே போகும். விம்மலை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் குரல் எப்படி உடையுமோ, அப்படி ஒரு ஒலி.

அப்புறம் போர் வந்தது. இளைஞர்கள் கடல் தாண்டிப் போனார்கள். கிராமத்துக் குடும்பங்கள் பிழைப்புக்காகத் தொழிற்சாலை நகரங்களுக்குப் போயின. பெண்கள் வேலைக்குப் போனார்கள், கையில் சம்பளம் வந்தது, உறவினர் கண் எட்டாத ஊரில் வாழ்ந்தார்கள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், அமெரிக்காவில் விவாகரத்துகள் அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டன. ஆக, பாட்டு எதையும் புதிதாகக் கிளப்பிவிடவில்லை. ஹாங்கி டாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததுதான் ஜூக்பாக்ஸில் வந்தது. அம்மாவிடமோ பாதிரியாரிடமோ சொல்ல முடியாததை ஒரு காசுக்கு இன்னொருவர் அவருக்காகப் பாடிக்காட்டினார்.

இந்த வகையிலேயே பெரிய பேர் வாங்கியது ஹேங்க் வில்லியம்ஸ் என்ற கன்ட்ரி பாடகரின் 'யுவர் சீட்டின் ஹார்ட்'. துரோகம் செய்யும் உன் நெஞ்சு என்று பொருள். 1952-ல் ஹேங்குக்கு முதல் மனைவி ஆட்ரியோடு விவாகரத்து ஆனது. அதே ஆண்டு, அடுத்து மணக்கப்போகிற பில்லி ஜீனோடு காரில் போகும்போது ஆட்ரியைப் பற்றிப் பேச்சு வந்தது. வரிகளை ஹேங்க் சொல்லச் சொல்ல, பில்லி ஜீன்தான் எழுதிக்கொண்டார். பழைய மனைவியின் மேல் இருந்த வலியைப் புதிய மனைவியாகப் போகிறவள் தன் கையால் எழுதியிருக்கிறாள். செப்டம்பர் 23 அன்று, கன்ட்ரி இசையின் தலைநகரான நேஷ்வில்லில் பதிவு செய்தார்கள். அதுதான் அவருடைய கடைசி ஒலிப்பதிவு. 1953 ஜனவரி 1 அன்று, 29 வயதில், ஹேங்க் இறந்துபோனார். பாட்டு அந்த மாதம் வெளியாகி ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது.

இதைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவள் என்ன செய்தாள் என்று பாட்டில் ஒரு வார்த்தை இல்லை. யாரோடு போனாள், எப்போது, எப்படித் தெரியவந்தது, எதுவும் கிடையாது. முழுப் பாட்டும் இனி அவளுக்கு என்ன ஆகும் என்பதுதான். அழுவாய், தூக்கம் வராது, அறையில் நடந்துகொண்டே இருப்பாய், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாய். சாபம் மாதிரி தொடங்குகிறது. ஆனால் டான் ஹெல்ம்ஸின் ஸ்டீல் கித்தார் பின்னால் அழுகிறபோது, தூங்காமல் நடந்துகொண்டிருப்பது பாடுகிறவரே என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ராத்திரியை அனுபவிக்காதவரால் அவ்வளவு விவரமாகச் சொல்ல முடியாது.

அதே 1952-ல் இன்னொன்று நடந்தது. எனக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடிக்கும். ஹேங்க் தாம்ப்சன் என்பவர் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்று ஒரு பாட்டுப் பாடினார். மனைவி தன்னை விட்டுவிட்டு ஹாங்கி டாங்க் வாழ்க்கைக்குப் போய்விட்டாள். இப்படிப்பட்ட பெண்களையும் கடவுள் படைத்தாரா என்று புலம்புகிற பாட்டு. 15 வாரம் முதலிடம். குற்றம் பெண் தலையில், ஊரே கூடப் பாடுகிறது.

இதற்கு ஓர் எசப்பாட்டு வந்தது. பாடியவர் கிட்டி வெல்ஸ். வயது 32, பிள்ளைகளைப் பெற்றவர், பாட்டுத் தொழில் சரிப்படவில்லை, விட்டுவிடலாம் என்ற நிலையில் இருந்தவர். 125 டாலர் கூலி கிடைக்கும் என்றுதான் ஒலிப்பதிவுக்குப் போனார். பாட்டை எழுதியவர் ஜே. டி. மில்லர் என்ற ஆண். மெட்டு தாம்ப்சன் பாட்டின் அதே மெட்டு, கார்ட்டர் குடும்பம் முன்பே பாடிய பழைய மெட்டு. ஜூக்பாக்ஸில் தாம்ப்சன் பாடுகிறார், அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு அங்கேயே பதில் சொல்கிறாள். அந்தப் பெண்களைக் கடவுள் அப்படிப் படைக்கவில்லை, கல்யாணமான ஆண்கள் இன்னும் பிரம்மச்சாரி மாதிரி சுற்றுவதால்தான் எத்தனையோ நல்ல பெண்கள் வழிதவறிப் போனார்கள் என்கிறாள்.

குரலில் கோபமே இல்லை. கிட்டி வெல்ஸ் சர்ச்சில் பாடுகிறவர்போல நேராக, அடக்கமாகப் பாடுவார். அந்த அடக்கம்தான் வரிகளைக் கூர்மையாக்கியது. என்பிசி ரேடியோ பாட்டைத் தடை செய்தது. நேஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் முதலில் பாட விடவில்லை. ஆண் புலம்பினால் ஒலிபரப்பலாம், பெண் பதில் சொன்னால் கூடாது என்றால் அது அப்பட்டமான அநியாயம். ஆனால் மக்கள் வாங்கினார்கள். ஆறு வாரம் முதலிடம். பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் தனிப் பாடகியாக முதலிடம் பிடித்த முதல் பெண் கிட்டி வெல்ஸ்தான். கன்ட்ரி இசையில் பெண் குரலுக்குச் சந்தை உண்டு என்று கம்பெனிகள் நம்பத் தொடங்கியது ஒரு சீட்டிங் சாங்கால்.

சர்ச்சுக்கும் மதுக்கடைக்கும் நடுவில் இந்தப் பாட்டுகள் எப்படி நின்றன என்று புரிய 1966-ல் வந்த 'ஆல்மோஸ்ட் பர்சுவேடட்' நல்ல உதாரணம். டேவிட் ஹூஸ்டன் பாடியது, ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. கிட்டத்தட்ட மனம் இசைந்துவிட்டேன் என்று பொருள். இந்தத் தலைப்பு தெற்கு மாநிலத்துக் காதுகளுக்கு முன்பே பழக்கமானது, ஏனென்றால் அதே பெயரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்று உண்டு. அதில் ஒருவன் கடவுளிடம் திரும்ப ஏறக்குறைய மனம் இசைந்து, தள்ளிப்போட்டுக் கெட்டுப்போகிறான். புதிய பாட்டில் அதே வார்த்தை தலைகீழாகிறது. மதுக்கடையில் ஒரு பெண்ணோடு ஆடிக்கொண்டிருக்கிறான், வீட்டில் மனைவி. மனசாட்சியைத் தள்ளிவைத்துவிட்டு அவளோடு போய்விடலாம் என்ற நேரத்தில் அவள் கண்ணுக்குள் பார்க்கிறான். அங்கே தன் கல்யாண மோதிரம் பிரதிபலிப்பது தெரிகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது. மூன்று நிமிடப் பாட்டில் ஒரு மோதிரமும் ஒரு ஜோடிக் கண்ணும் போதும். நேஷ்வில் பாட்டுக்காரர்களின் கைத்திறன் இதுதான். பாவம், துரோகம் என்று பெரிய வார்த்தைகளைப் போடுவதைவிட மோதிரம், செண்ட் வாசனை, வராத போன், வாசலில் நிற்காத கார் என்று சாமான்களை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வார்த்தை விளையாட்டும் சேர்ந்துகொள்ளும். கேரி ஸ்டூவர்ட் 1975-ல் பாடி முதலிடம் பிடித்த பாட்டின் தலைப்பையே பாருங்கள்: 'ஷி'ஸ் ஆக்டின் சிங்கிள், ஐ'ம் டிரிங்கின் டபுள்ஸ்'. மனைவி கல்யாணமே ஆகாத 'சிங்கிள்' மாதிரி நடந்துகொள்கிறாள், அதனால் நான் 'டபுள்' டபுளாகக் குடிக்கிறேன். தலைப்பிலேயே முழுக் கதையும் வந்துவிட்டது. கேட்டவர் கடையை விட்டு வெளியே போகும்போது பாட்டு கூடவே போகும்.

அறுபதுகளில் லொரெட்டா லின் வந்தார். கென்டக்கி மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள், பதினைந்து வயதிலேயே கல்யாணம். கணவர் மற்ற பெண்களிடம் போனதை அவர் மறைத்ததே இல்லை. 1966-ல் வந்த பாட்டில் எதிரே நிற்கும் பெண்ணிடம், என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு நீ ஆள் இல்லை என்கிறார். 1968-ல் வந்த 'ஃபிஸ்ட் சிட்டி'யில் கிட்டே வந்தால் உதை விழும் என்கிறார். கூற்று மறுபடியும் மாறிவிட்டது. இப்போது பேசுவது வீட்டுக்காரி, பேசுவது கணவனிடம் அல்ல, அந்த இன்னொருத்தியிடம்.

அதே இன்னொருத்தியிடம் பேசுகிற பாட்டுதான் டாலி பார்ட்டன் எழுதி 1973-ல் வெளியிட்ட 'ஜோலீன்'. ஆனால் லொரெட்டா முஷ்டியை உயர்த்திய இடத்தில் டாலி கையேந்துகிறார். கல்யாணமான புதிதில், தன் கணவரிடம் ஆசையாகப் பேசிய ஒரு செம்பட்டை முடி வங்கி ஊழியரை மனதில் வைத்து எழுதியதாக டாலி சொல்லியிருக்கிறார். பெயர் மட்டும் கையெழுத்து வாங்க வந்த ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து வந்தது. அவள் பெயர் ஜோலீன் என்றதும் மறக்காமல் இருக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாராம்.

இந்தப் பாட்டை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். கித்தார் ஒரே சுழலாக, பதற்றமாக ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் நிற்காது. அதன் மேல் பெயரை நான்கு முறை கூப்பிடுகிறார், கூப்பிடக் கூப்பிடக் குரல் ஏறுகிறது. திட்டு இல்லை. அவளுடைய முடி, நிறம், கண், குரல் எல்லாவற்றையும் புகழ்கிறார். உனக்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், எனக்கு இவர் ஒருவர்தான், விட்டுவிடு என்கிறார். கணவர் தூக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறார், பக்கத்தில் படுத்திருப்பவள் கேட்டு அழுகிறாள். நம்மில் எத்தனை பேரால் அப்படி ஒரு இடத்தில் இவ்வளவு பணிந்து பேச முடியும்? ஜோலீன் பதில் சொல்வதில்லை. கணவர் வாய் திறப்பதில்லை. உண்மையில் ஏதாவது நடந்ததா என்றுகூடப் பாட்டில் இல்லை. 2024-ல் பாடகி பியான்சே இதே பாட்டை வரிகளை மாற்றிப் பாடினார். அதில் கெஞ்சல் போய் எச்சரிக்கை வந்துவிட்டது. எனக்குப் பழைய கெஞ்சல்தான் நெஞ்சில் நிற்கிறது.

இந்த விஷயம் கன்ட்ரிக்கு மட்டும் சொந்தமும் அல்ல. கறுப்பினத்தவரின் சோல் இசையிலும் இது செழித்தது. லூத்தர் இங்க்ரம் 1972-ல் பாடிய சோல் பாட்டு ஒன்றை, உன்னை நேசிப்பது தவறென்றால் நான் சரியாக இருக்க விரும்பவில்லை என்பது அதன் கருத்து, பார்பரா மாண்ட்ரல் 1979-ல் பாடிக் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்.

இந்த நூற்றாண்டில் பெரிய அலை கிளப்பியது கேரி அண்டர்வுட்டின் 'பிஃபோர் ஹி சீட்ஸ்'. 2005-ல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் வென்றவர். 2006-ல் தனியாக வெளியான இந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம், எல்லா வகைப் பாட்டுகளும் போட்டியிடும் ஹாட் 100 பட்டியலில் 64 வாரம். இரண்டு கிராமி விருதுகள். இதில் பேசுகிறவள் மனைவியா காதலியா என்று சொல்லப்படவில்லை. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அவன் ஆசை ஆசையாக வைத்திருக்கும் வண்டியைச் சாவியால் கீறி, பேஸ்பால் மட்டையால் முன்விளக்குகளை உடைத்து, டயர்களைக் கிழித்துவிட்டுப் போகிறாள். இளம்பெண்கள் கூட்டமாகக் கத்திப் பாடுகிற பாட்டு.

ஆனால் வரிகளை நிதானமாகக் கேட்டால் வேறொன்று தெரியும். அவன் இன்னொருத்தியோடு ஆடுவது, அவளுக்குக் குடிக்க வாங்கித் தருவது எல்லாம் இந்நேரம் நடந்துகொண்டிருக்கும் என்று இவள் நினைத்துக்கொள்வதுதான். 'ப்ராபப்ளி', அநேகமாக, என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இவள் மதுக்கடைக்குள் போய்ப் பார்க்கவே இல்லை. வெளியே, வண்டி நிற்கும் இடத்தில் நிற்கிறாள். உள்ளே நடப்பது ஊகம், உடைந்த விளக்கு மட்டும் நிஜம்.

ஹேங்க் பாட்டிலும் துரோகம் கண்ணில் காட்டப்படவில்லை. ஹூஸ்டன் பாட்டில் அது நடக்கவே இல்லை. ஜோலீனில் பயம் மட்டும். படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டும் பாட்டுகள் ஒரு வாரம் பேசப்பட்டு மறைந்திருக்கலாம். நிலைத்தவை கதவுக்கு வெளியே, தூக்கம் இல்லாமல், தெரிந்தும் தெரியாமலும் நிற்கிறவரின் குரல்கள். துரோகத்தை நேரில் பார்த்தவர்கள் குறைவு. சந்தேகத்தோடு ஒரு ராத்திரியாவது விழித்திருந்தவர்கள் ஏராளம். அந்த விழித்திருந்தவர்கள்தான் இந்தப் பாட்டுகளுக்குக் காசு போட்டவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ஹேங்க் தாம்ப்சனையும் கிட்டி வெல்ஸையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரே மெட்டு ஆணிடமிருந்து பெண்ணிடம் கை மாறுவது உங்களுக்கே கேட்கும். பிறகு 'ஜோலீன்'. கடைசியாக 1974-ல் மோ பாண்டி பாடிய ஒரு பாட்டு. அதன் தலைப்பு 'ஐ ஜஸ்ட் ஸ்டார்ட்டட் ஹேட்டின் சீட்டின் சாங்ஸ் டுடே'. சீட்டிங் சாங்குகள் எனக்கு இன்றைக்குத்தான் வெறுத்துப்போயின என்கிறான் ஒருவன். நேற்று வரை அதே பாட்டுகளை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தவன். ஜூக்பாக்ஸ் இன்றும் பாடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இன்று அது பாடுவது அவன் வீட்டைப் பற்றி.